பச்சைத் தொப்பிக்கு அப்பால்: அயர்லாந்துத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தில் தமிழ் அமைப்புகளை நடத்தும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் மார்ச் மாதம் நடத்தவிருக்கும் ஐரிஷ் பண்பாட்டு விழாவின் வரைவு நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கும் வந்தது. எல்லோரும் பச்சை உடையில் வர வேண்டும். பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. செம்பட்டைத் தாடி வைத்த லெப்ரிகான் (ஐரிஷ் கதைகளில் வரும் குள்ளத் தேவதை) வேடத்துக்குத் தனிப் பரிசு. பச்சை நிறக் கேசரி. சினிமாப் பாட்டுக்கு நடனம், இரவில் டிஜே. இடையில் ஐந்து நிமிடம் "அயர்லாந்து பற்றிய உரை". அதைப் பேசப் போவது யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லையாம்.

நாம் பிழைக்க வந்த நாட்டுக்கு விழா எடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். மண்டபம் பிடிப்பது, காப்பீடு எடுப்பது, ஐம்பது பேருக்குச் சமைத்தால் நூறு பேர் வந்து நிற்பது என்று உங்கள் பாடு எனக்குத் தெரியும். அதனால் குறை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். ஐரிஷ்காரர்கள் எதைத் தங்கள் சொத்தென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்களோ, அதைக் கொண்டாடுவோம். சுற்றுலாக் கடையில் தொங்குவதை விட்டுவிடலாம்.

மார்ச் 17-இல் வரும் புனித பேட்ரிக் தினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 5-ஆம் நூற்றாண்டுக்காரர், பிறந்தது ரோமானியர் ஆண்ட பிரிட்டனில். பதினாறு வயதில் கொள்ளையர் தூக்கிவந்து இங்கே அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் ஆடு மேய்த்துவிட்டுத் தப்பி ஓடியவர், பிறகு தானாகவே திரும்பி வந்தார். அவரோடு நெடுங்காலம் சேர்த்துப் பேசப்பட்ட நிறம் நீலம். இந்த நாட்டுக் குடியரசுத் தலைவரின் கொடி இன்றும் நீலத்தில் பொன்னிற யாழ்தான். மார்ச் 17 என்றால் குடி என்று நாம் நினைக்கிறோம். ஆனால் 1920-களிலிருந்து 1960-களின் தொடக்கம் வரை அன்றைக்குப் பப்கள் சட்டப்படி மூடியிருந்தன. டப்ளினில் பால்ஸ்பிரிட்ஜ் நாய்க் கண்காட்சியில் மட்டும் குடிக்கக் கிடைத்தது என்பார்கள். நாய் மீது திடீர்ப் பாசம் வந்தவர்கள் எத்தனை பேரோ! பச்சை பீர், பெரிய ஊர்வலம் எல்லாம் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் அங்கே வளர்த்தவை. அதில் தப்பில்லை, ஊர் ஏக்கம் அப்படித்தான் செய்யும். ஆனால் நாம் இருப்பது பாஸ்டனில் இல்லையே.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் பிள்ளைக்கு விலக்கு வாங்க வழி இருக்கிறது, அது நியாயம். ஆனால் இங்கேயே பிறந்த பிள்ளையைப் பார்த்து "அதைப் படித்து என்ன ஆகப் போகிறது, கணக்கைப் பார்" என்று சொல்லும் பெற்றோர் நம்மில் நிறைய. 2022 கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுவோர் 72 ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எப்படி வந்தது?

1840-களின் பெரும்பஞ்சமும் அதில் ஊரைவிட்டுக் கப்பலேறியதும் பாதிக் காரணம். மீதியைச் சொல்ல ஒரு குச்சி போதும். 19-ஆம் நூற்றாண்டில் ஊர்ப்புறப் பிள்ளைகளின் கழுத்தில் கயிறு கட்டி அந்தக் குச்சியைத் தொங்கவிட்டார்கள். பிள்ளை ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. மறுநாள் வாத்தியார் வெட்டுகளை எண்ணி அதற்கேற்ப அடி கொடுப்பார். வீட்டில் வெட்டுப் போட்டது யார் தெரியுமா? அப்பா அம்மாதான். பிள்ளை இங்கிலீஷ் பேசினால்தான் அமெரிக்காவில் பிழைக்கும் என்ற கவலை அவர்களுக்கு. தமிழில் பேசினால் அபராதம் போட்ட இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் படித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த மொழியை மீட்க 1893-இல் டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் சங்கம் தொடங்கினார்கள். 1972-இல் அதற்கென வானொலி, 1996-இல் தொலைக்காட்சி, 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழித் தகுதி. ஒவ்வொன்றும் கேட்டுக் கேட்டு, சில சமயம் மறியல் செய்து வாங்கியவை. மார்ச் 1 முதல் 17 வரை நாடு முழுக்க ஐரிஷ் மொழிக் கொண்டாட்டம் நடக்கிறது. நம் விழாவும் அதே நாட்களில்தான் வருகிறது. அன்று மேடையில் வரவேற்புரையை நம் பிள்ளைகள் ஐரிஷில் சொல்லட்டும். உச்சரிப்பு தடுக்கினால் தடுக்கட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த ஐரிஷ், நம் சங்கச் செயற்குழு மொத்தத்துக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை நமக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

விழாவின் நடுநாயகமாக என்ன வைக்கலாம் என்று கேட்டால், நான் சொல்வது பலருக்குத் தெரியாத ஒரு புதையல். 1937-இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒரு வேலை செய்தது. 26 கவுண்டிகளிலும் (மாவட்டங்களிலும்) உள்ள தொடக்கப் பள்ளிகளில், மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டுப் பாடமாக ஒரு கடமை கொடுத்தார்கள்: உன் தாத்தா பாட்டியிடம், அக்கம்பக்கத்துக் கிழவர்களிடம் போ, அவர்கள் சொல்வதைக் கேள், நோட்டில் எழுதி வா. 1939 வரை நடந்தது. சுமார் 5,000 பள்ளிகள், ஏறக்குறைய 50,000 பிள்ளைகள். சேர்ந்தது ஏழு லட்சம் பக்கங்களுக்கு மேல். அதில் பெரும்பகுதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுதிய நோட்டுப் பக்கம் அப்படியே விரியும்.

நான் குடியிருக்கும் சிற்றூரின் பக்கங்களை ஓர் இரவு திறந்தேன், தூங்கப் போகும்போது விடிந்துவிட்டது. மை தொட்டு எழுதிய சாய்வெழுத்து. கீழே எழுதிய பிள்ளையின் பெயர், சொன்ன பெரியவரின் பெயர், வயது. கக்குவான் இருமலுக்கு மருந்து வேண்டுமா? வெள்ளைக் குதிரையில் போகிறவனை நிறுத்தி என்ன செய்யலாம் என்று கேள். அவன் வாயில் என்ன வருகிறதோ அதுதான் மருந்து. ஏழாவது மகனுக்குப் பிறந்த ஏழாவது மகன் கை வைத்தால் நோய் தீரும். மே முதல் நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரிக்கு நெருப்பு கொடுக்காதே, உன் வெண்ணெயை அவள் கொண்டுபோய்விடுவாள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் கண் வலிக்கு நல்லது, எந்த மேட்டில் புதையல் இருக்கிறது, அதை எந்தக் கறுப்புப் பூனை காக்கிறது. எங்கள் பாட்டி இதைப் படித்திருந்தால் "நம்ம ஊர்க் கதைதானே" என்று வெற்றிலையை மடித்துப் போட்டிருப்பார்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தனித்து நிற்கும் ஹாத்தார்ன் முள்மரத்தை வெட்டக் கூடாது, அது தேவதைகளின் மரம் என்பது அந்த நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். 1999-இல் கிளேர் கவுண்டியில் புது நெடுஞ்சாலை போடும்போது அப்படி ஒரு மரம் வழியில் நின்றது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி, அதை வெட்டினால் விபரீதம் வரும் என்று பத்திரிகைக்கு எழுதினார். விவகாரம் கடல் தாண்டியும் பேசப்பட்டது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள். தேவதையை நம்புகிறீர்களா என்று இங்கே எந்த விவசாயியையும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார், நம்பவில்லை என்பார். அந்த மரத்தை வெட்டுவீர்களா என்று கேளுங்கள். பேச்சை வானிலைக்கு மாற்றிவிடுவார்.

ஆக, என் யோசனை இது. மார்ச்சுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரின் பக்கம் ஒன்றைத் தேடி எடுக்கட்டும். அப்புறம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் "இது உங்களுக்குத் தெரியுமா" என்று கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும். சொன்னவரையும் விழாவுக்கு அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்போம். சில ஊர்களில் அந்த நோட்டை எழுதியவரின் பேரனே எதிர் வீட்டில் இருக்கக்கூடும். மாறுவேடப் போட்டிக்குச் செலவாகும் பணத்தில் கால்வாசி கூட இதற்கு ஆகாது.

இசைக்கு டிஜே வேண்டாம் என்று சொன்னால் இளசுகள் என்னை அடிக்க வருவார்கள். சரி, டிஜே இரவு பத்துக்கு மேல் இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் உள்ளூர் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து வாசிக்கும் செஷன் வைப்போம். 1951-இல் மலிங்காரில் தொடங்கிய ஐரிஷ் மரபிசை அமைப்பான கோல்டஸுக்கு நாடெங்கும் கிளைகள் உண்டு. முறையாக அழைத்தால் வருவார்கள். பிடிலும் புல்லாங்குழலும் கான்செர்டினாவும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதை மேடை ஏற்றாதீர்கள், நடுவில் நாற்காலி போட்டுச் சுற்றி உட்கார்வோம். நம்மில் மிருதங்கம் தெரிந்த தம்பிகளுக்கு ஒரு தனி விண்ணப்பம்: பக்கத்தில் போத்ரான் சும்மா இருக்கிறதே என்று எடுத்துத் தட்டிவிடாதீர்கள். ஆட்டுத்தோல் மேளம்தான், ஆனாலும் கேட்டுவிட்டுச் சேர்வது அந்தச் சபையின் மரியாதை. பழைய பாணியில் பக்கவாத்தியமே இல்லாமல் ஒருவர் கண்ணை மூடிப் பாடத் தொடங்கினால், கூட்டம் மூச்சுக்கூட விடாது. உருக்கமான இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பாடுபவரின் கையைப் பிடித்து மெல்லச் சுழற்றுவதும் உண்டு. கேட்பதில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை; நாம் தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான்.

விளையாட்டு. நம் சங்கம் வருடா வருடம் கிரிக்கெட் போட்டி நடத்துகிறது, நடத்தட்டும். ஆனால் ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டைப்பந்து ஆட்டத்தின் மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆஷ் மரத்தின் அடிப்பகுதியில், தண்டு வேராக வளையும் இடத்திலிருந்து அதை அறுப்பார்கள். மரத்தின் ரேகை அங்கே இயல்பாகவே வளைந்து ஓடுவதால் மட்டையின் நுனி வளைவு எளிதில் பிளக்காது. கையால் செதுக்கும் ஆசாரிகள் இன்றும் இருக்கிறார்கள். ஆஷ் மரங்களை வாட்டும் நோய் பரவியதிலிருந்து நல்ல மரம் கிடைப்பதுதான் பாடாக இருக்கிறது. 2018-இல் யுனெஸ்கோ இந்த ஆட்டத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஹர்லிங் போன்ற ஐரிஷ் விளையாட்டுகளை நடத்தும் ஜிஏஏ (கேலிக் விளையாட்டுச் சங்கம்) 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் ஊரில், ஒரு ஓட்டல் அறையில் பிறந்தது. இன்று டப்ளினில் இருக்கும் அதன் குரோக் பார்க் மைதானத்தில் 82 ஆயிரம் பேர் உட்காரலாம். இறுதிப் போட்டியில் ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை காலை அவன் பள்ளியில் பாடம் நடத்தப் போவான், இல்லை மாடு கறக்கப் போவான். 1920 நவம்பர் 21 அன்று அதே மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது பிரிட்டிஷ் படை சுட்டுப் பதினான்கு பேர் இறந்தார்கள். களத்தில் விழுந்த ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன் பெயரில் ஒரு பார்வையாளர் மாடம் இருக்கிறது. 2020-இல், கொரோனா காலத்தில், பக்ரீத் தொழுகைக்கு இடம் தேடிய முஸ்லிம்களுக்கு அந்த மைதானத்தையே திறந்துவிட்டார்கள். நம் ஊர் கிளப்பிலும் வாசல் திறந்துதான் இருக்கிறது. என் மகனைச் சேர்க்கப் போன அன்று பதிவுப் படிவத்தோடு எனக்கும் ஒரு வேலை ஒட்டிக்கொண்டது: சனிக்கிழமைகளில் ஆரஞ்சு வெட்டித் தருவது. அதற்குப் பிறகுதான் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஆட்கள் கிடைத்தார்கள்.

பஞ்சத்தைப் பற்றி விழாவில் பேசலாமா என்று தயங்குவீர்கள். பேச வேண்டும். 1841-இல் இந்தத் தீவில் 80 லட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 1845-இல் உருளைக்கிழங்கை அழுகல் நோய் பிடித்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே காலத்தில் தானியமும் வெண்ணெயும் கால்நடையும் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதி ஆகிக்கொண்டிருந்தன. வடக்கையும் தெற்கையும் சேர்த்தாலும் தீவின் மக்கள்தொகை இன்றுவரை அந்தப் பழைய எண்ணைத் தொடவில்லை.

லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். பஞ்சத்தில் கடவுளின் திருவுளத்தைக் கண்டதாக எழுதியவர். அவர் பெயர் இன்றும் இங்கே கால்பந்து ரசிகர்கள் கூட்டமாகப் பாடும் ஒரு பாட்டில் வருகிறது, வசவாக. அதே டிரெவெல்யன் 1859-இல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் பூங்கா அவர் முயற்சியில் உருவானது. இங்கே பஞ்சத்தின் முகம், அங்கே பூங்கா தந்த துரை! இரண்டு ஊர் வரலாற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச இதைவிட நல்ல இடம் எது?

நன்றி மறக்காமல் இருப்பதையும் இவர்களிடம் பார்க்கலாம். 1847-இல், தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டு இருபது ஆண்டுகள்கூட ஆகாத அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்கள் 170 டாலர் திரட்டி இங்கே அனுப்பினார்கள். கார்க் கவுண்டியின் மிடில்டனில் அதற்கு நினைவுச் சின்னம் நிற்கிறது: வானத்தை நோக்கி விரிந்த ஒன்பது எஃகு இறகுகள். 2020-இல் நவஹோ, ஹோப்பி மக்கள் கொரோனாவில் தவித்தபோது, அந்தப் பழைய கடனைச் சொல்லிச் சொல்லியே ஐரிஷ்காரர்கள் பணம் அனுப்பினார்கள்.

"இதெல்லாம் நமக்கு எதற்கு, 2025 கோடையில் நம் ஆட்களைத் தெருவில் வைத்து அடித்தார்களே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கோபம். டப்ளினில் இந்தியர்கள் தாக்கப்பட்டதும், ஆகஸ்டில் நடக்க வேண்டிய இந்திய தின விழா தள்ளிவைக்கப்பட்டதும் நம் எல்லோருக்கும் வலித்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஹிக்கின்ஸ் கண்டித்தார், பலர் நம்மோடு நின்றார்கள். பயம் முழுதும் போய்விடவில்லை. அதற்காகத்தான் சொல்கிறேன், இந்த விழா யாரையும் குளிர்விக்க நடத்தும் ஜால்ராவாக இருக்கக் கூடாது. நாங்கள் நல்லவர்கள், எங்களை அடிக்காதீர்கள் என்று மனுக் கொடுப்பதற்குப் பச்சைச் சட்டை போட வேண்டாம். இங்கே வரி கட்டி, இங்கே பிள்ளை பெற்று வாழ்கிறவர்கள் இந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இந்த மண்ணிலிருந்து கிளம்பியவர்களில் பலர் போன இடத்தில் "வேலைக்கு ஐரிஷ்காரர் வேண்டாம்" என்ற பேச்சைக் கேட்டவர்கள்தானே.

போன ஊரோடு எப்படிச் சேர்வது என்பதற்கு ஓர் ஐரிஷ் பெண்ணே நமக்கு உதாரணம். மார்கரெட் கசின்ஸ், 1878-இல் ராஸ்காமன் கவுண்டியின் பாயில் ஊரில் பிறந்தவர். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டனின் ஹாலோவேயிலும் இங்கே டல்லமோரிலும் சிறை இருந்தார். 1915-இல் கணவரோடு சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1917-இல் அடையாற்றில் இந்தியப் பெண்கள் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். இசையில் பட்டம் பெற்றவர்; 1919-இல் மதனப்பள்ளியில் தாகூர் ஜன கண மன பாடக் கேட்டு, அதற்கு இசைக்குறிப்பு எழுதிவைத்தார். 1932-இல் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர்ச் சிறைக்குப் போனார். 1954-இல் அடையாற்றிலேயே காலமானார். நம் விழாவில் அவர் படம் இருக்க வேண்டும். கால்டுவெல்லையும் வைக்கலாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர் பிறந்தது ஆன்ட்ரிம் கவுண்டியில். ஆனால் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், வளர்ந்தது கிளாஸ்கோவில். அவரை ஐரிஷ்காரர் என்று மேடையில் மார்தட்டினால் யாராவது எழுந்து திருத்துவார்கள், பார்த்துப் பேசுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். தேதியை மார்ச் 17-லிருந்து அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு மாற்றினால் நல்லது. 17 அன்று உள்ளூர்க்காரர்கள் ஊர்வலத்துக்குப் போய்விடுவார்கள், விருந்தாளி இல்லாமல் நாமே நமக்குக் கைதட்டிக்கொண்டிருப்போம். புனித பிரிஜிட் தினத்துக்கு, அதாவது பிப்ரவரித் தொடக்கத்துக்கு, பிள்ளைகளை வைத்துக் கோரைப்புல் சிலுவை பின்னும் ஒரு மதியத்தைச் சின்னதாக வைத்துப் பார்க்கலாம். 2023 முதல் அதையொட்டி, பெரும்பாலும் பிப்ரவரியின் முதல் திங்கட்கிழமை, பொது விடுமுறையும்கூட. பழைய நோட்டுப் பக்கங்களைத் தேடிக் கொடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். யார் எந்த ஊர் என்று எழுதி அனுப்பினால் போதும். கிளப்பில் பேசி ஹர்லிங் மட்டைகள் இரவல் வாங்கித் தருவதும் என் பொறுப்பு. சாப்பாட்டில் மட்டும் தலையிட மாட்டேன், பிரியாணியே இருக்கட்டும். வருகிற பெரியவர்களுக்காகக் காரம் குறைவாக ஒரு சட்டி தனியாக வையுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினால் நானும் வருகிறேன். இரவுப் பணி இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சங்கத்தில் சந்தா கட்டும் ஓர் உறுப்பினர்